பழியும் பொறுப்பும்: விவிலியத்தில் ஆணும் பெண்ணும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவை முன்னிட்டு நெல்லிவாசல்நாட்டில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளிவிழா என்றால் சாதனைகளைப் பட்டியலிட்டுப் பேசுவது வழக்கம். எத்தனை பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்பைக் கடந்தனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்பவற்றைச் செயலாளர் அவர்கள் தமது ஆண்டறிக்கையில் எடுத்துரைத்துவிட்டார்கள். அவற்றை மீண்டும் கூறி உங்கள் பொழுதைப் போக்க நாம் விரும்பவில்லை. இளைஞர்களுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பேசுமாறு பணித்தார்கள். அவ்வாறே ஒன்றைத் தேர்ந்துகொண்டோம். குற்றம் நேரும்போது ஆணும் பெண்ணும் பழியை எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றனர், பொறுப்பை யார் ஏற்கின்றனர் என்பதைக் கிறிஸ்தவ வேதம் எவ்வாறு காட்டுகிறது என்பதே அப்பொருள்.

நாம் குருவானவர் அல்லர். எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர் அல்லர். இளங்கலைப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் பெற்று, அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காலம் கழித்தவர். எனவே மறையுரை ஆற்ற நாம் முற்படவில்லை. ஒரு பாடத்தைப் படிக்கும்போது மாணவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வோம். இதைச் சொல்கிறவர் யார்? யாரிடம் சொல்கிறார்? சொல்லாமல் விட்டது எது? அந்த மூன்று கேள்விகளோடு வேத பாடங்கள் சிலவற்றை இன்று புரட்டிப் பார்ப்போம். இச்சபையில் ஆலயத்திற்குச் செல்வோரும் உளர். கோயிலுக்குச் செல்வோரும் உளர். இரண்டிற்கும் செல்லாதோரும் உளர். பழி சுமத்துவதில் நம் அனைவருக்கும் ஒரே மதந்தான்!

இப்பொருளை ஏன் தேர்ந்தோம் என்பதை முதலில் கூறிவிடுவது நேர்மை.

சற்றேறக்குறைய பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் பொறுப்பை நாம் வகித்து வந்தபோது நிகழ்ந்தது இது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், உடன் படிக்கும் மாணவியின் புத்தகத்தில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டான். அந்தப் பெண் அதை மறைக்கவில்லை, கிழிக்கவுமில்லை. நேரே எடுத்துவந்து ஆசிரியரிடம் கொடுத்தாள். ஆசிரியர்களாகிய நாங்கள் கூடிப் பேசினோம். பேசி முடித்து யாரை வரவழைத்தோம் தெரியுமா? பெண்ணின் தந்தையை. சாமை அறுப்பை நிறுத்திவிட்டு அவர் வந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். "சரிங்க ஐயா" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் முதல் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. தை மாதத்தில் அவளுக்குத் திருமணம் முடிந்துவிட்டதென்று கேள்விப்பட்டோம்.

அந்த மாணவனோ பத்தாம் வகுப்புத் தேறினான், தொழிற்கல்வி பயின்றான், பிற்காலத்தில் தன் திருமண அழைப்பிதழோடு வந்து எம் காலைத் தொட்டு வணங்கினான். அவனுடைய தந்தையை ஒரு நாளேனும் நாங்கள் வரவழைத்ததில்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே "நீண்ட நாள் வருகையின்மை" என்று சிவப்பு மையில் எழுதப்பட்டது. எழுதியது வேறு யாருமல்லர், எம் கைதான்.

கடிதம் எழுதியவன் ஒருவன். தண்டனை பெற்றவள் ஒருத்தி. தீர்ப்பு எழுதியவர் படித்தவர். இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு வேதத்திற்குள் செல்வோம்.

ஏதேன் தோட்டத்து விசாரணை

"ஏவாளால் வந்த வினை" என்பது நம் நாட்டில் வேதம் படியாதோர் வாயிலும் வழங்கும் பேச்சு. பெண் முதலில் தின்றாள், ஆணையும் கெடுத்தாள், உலகம் கெட்டது என்று மூன்று வரியில் கதையை முடித்துவிடுகிறோம். அந்தக் கனி ஆப்பிள் என்றும் சேர்த்துக்கொள்கிறோம். ஆப்பிள் என்ற பேச்சே ஆதியாகமத்தில் இல்லை. இல்லாத கனியைக் கண்ட நாம், இருக்கிற சொற்களைக் காணத் தவறிவிட்டோம்.

முதலாவது, அந்த மரத்தின் கனியை உண்ணலாகாது என்ற கட்டளை இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. அது ஆணிடம் கூறப்பட்டது. பெண் படைக்கப்படுவது அதற்குப் பின்னரே. கட்டளையை நேரில் கேட்டவன் ஆதாம். ஏவாள் அதைக் கேள்வியால் அறிந்தவள்.

இரண்டாவது, பெண்ணுக்கும் பாம்புக்கும் வாதம் நிகழ்ந்தபோது ஆண் எங்கே இருந்தான்? எங்கோ தோட்டத்தின் மறுகோடியில் இருந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அவள் தன்னுடன் இருந்த கணவனுக்குக் கொடுத்தாள் என்ற பொருள்தரும் சொல் எபிரேய மூலத்தில் உள்ளது என அறிஞர் கூறுகின்றனர். நம் வீடுகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த "உடன்" என்ற சொல் வெளிப்படவில்லை. சின்னஞ்சிறு சொல்தான். ஆனால் அது விழுந்தால் பழி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அருகில் நின்றான், வாய் திறக்கவில்லை, கொடுத்ததை வாங்கி உண்டான். பேசியவள் குற்றவாளி என்றால் பேசாதிருந்தவன் யார்?

மூன்றாவது, கடவுள் விசாரணையைத் தொடங்கும்போது முதலில் அழைத்தது ஆணைத்தான். அவன் கூறிய விடையை எண்ணிப் பாருங்கள். தனக்குத் துணையாக நீர் அளித்த பெண்ணே கனியைக் கொடுத்தாள் என்று தொடங்குகிறான். ஒரே மூச்சில் இருவர்மீது பழி! கொடுத்த பெண்மீது ஒன்று. பெண்ணை அளித்த கடவுள்மீது மற்றொன்று. தான் உண்ட செய்தியை வாக்கியத்தின் கடைசியில் ஒளித்து வைக்கிறான். பெண்ணும் அவ்வாறே பாம்பைக் காட்டிய பின்னரே தான் உண்டதைச் சொல்கிறாள். உலகின் முதல் விசாரணையில் "நான்" என்ற சொல் இரு தரப்பிலும் பின்வரிசையில் நின்றது.

நான்காவது, தீர்ப்பு. ஒருவருக்காக மற்றவர் தண்டிக்கப்படவில்லை. பாம்புக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் தனித்தனியே தீர்ப்பு வழங்கப்படுகிறது. சாபம் என்னும் சொல் பாம்புக்கும் நிலத்திற்குமே கூறப்பட்டுள்ளது. பெண்ணைச் சபித்ததாகவோ ஆணைச் சபித்ததாகவோ பாடத்தில் இல்லை. ஆண் பெண்ணை ஆளுவான் என்பது படைப்பின் ஒழுங்காகக் கூறப்படவில்லை. குற்றத்திற்குப் பின் வந்த துன்பங்களுள் ஒன்றாகவே கூறப்படுகிறது. முதலாம் அதிகாரத்திலோ ஆணும் பெண்ணும் இருவருமே கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது. நோயை நோயென்று எழுதி வைத்ததை, உண்ண வேண்டிய உணவென்று படித்துவிட்டோம்.

இதனால் ஏவாள் குற்றமற்றவள் என்று நாம் வாதிடவில்லை. வேதமும் அவ்வாறு சொல்லவில்லை. அவள் தன் பங்குக்குப் பொறுப்பு. அவன் தன் பங்குக்குப் பொறுப்பு. அவ்வளவே.

பவுல் அடியாரின் நிருபங்களில் இவ்விரு குரல்களும் உள்ளன. ரோமருக்கு எழுதிய நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், பாவம் ஒரே மனிதனால் உலகில் நுழைந்ததாகக் கூறி ஆதாமின் பெயரையே குறிப்பிடுகிறார். பவுல் பெயரால் வழங்கும் தீமோத்தேயு முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்திலோ, வஞ்சிக்கப்பட்டவள் பெண்ணே என்று வருகிறது. பெண் உபதேசம் செய்யலாகாது என்பதும் அங்கேதான் வருகிறது. இரண்டும் ஒரே வேதத்தில் உள்ளன. ஆனால் நூற்றாண்டுகளாக மேடைகளில் உரத்து ஒலித்தது எது? இரண்டாவதே. சுமார் கி.பி. 200 அளவில் வடஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்னும் அறிஞர், பிசாசு உள்ளே நுழைந்த வாயில் பெண்ணே என்ற பொருள்பட எழுதினார். படித்தவர் எழுதிய தீர்ப்பு அது. அதன் நிழல் நெடுந்தூரம் நீண்டது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் முதன்முதலாகக் குருவானவராக அபிஷேகம் பெற்றது 1976இல். ஒரு பெண் பேராயரானது 2013இல், ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்தில்.

நீதிபதியே குற்றவாளி ஆன வழக்கு

ஆதியாகமம் முப்பத்தெட்டாம் அதிகாரத்தை ஆலயங்களில் பலரும் வாசிப்பதில்லை. வாசிக்கக் கூச்சப்படுவார்கள். நாம் கூச்சப்படாமல் வாசிப்போம்.

யூதா என்பவருக்கு மூன்று மக்கள். மூத்தவனை மணந்த தாமார் விதவையானாள். அக்கால வழக்கப்படி இரண்டாமவனுக்குக் கொடுத்தனர், அவனும் இறந்தான். மூன்றாமவன் வளரும்வரை தாய்வீட்டில் காத்திரு என்று மாமனார் அனுப்பிவிட்டார். பிள்ளை வளர்ந்தான், வாக்கு நிறைவேறவில்லை. இந்த மருமகளால்தான் மக்கள் மாண்டனர் என்ற அச்சம் அவர் நெஞ்சில் இருந்தது. நம் ஊர்களில் "இவள் வந்த வேளை" என்று சொல்லுகிறோமே, அதே பேச்சுத்தான்.

அதன்பின் தாமார் முக்காடிட்டு வழியில் அமர்ந்தாள். தன் மருமகள் என்றறியாத யூதா அவளிடம் சென்றார். கூலிக்கு அடகாகத் தம் முத்திரையையும் கயிற்றையும் கைத்தடியையும் கொடுத்தார். மூன்று மாதங்கள் சென்றபின் அவள் கருவுற்ற செய்தி ஊரில் பரவியது. யூதாவின் தீர்ப்பு உடனே வந்தது: வெளியே கொணர்ந்து எரித்துவிடுங்கள்! யாரோடு என்று கேட்கவில்லை. அந்த ஆண் எங்கே என்று தேடவில்லை. அவள் அழவில்லை, மூன்று பொருள்களையும் அனுப்பி, இவை யாருடையவை என்று பாருங்கள் என்றாள்.

யூதாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் அப்பொருள்களை மறைத்திருக்கலாம், மறுத்திருக்கலாம். ஊரில் அவர் பெரிய மனிதர். ஆயினும், தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொண்டு, தன் மகனைக் கொடாத தன் பிழையைக் காரணமாகக் கூறினார். ஆதாம் வாயில் வராத சொல் யூதாவின் வாயில் வந்தது. பிற்காலத்தில் இயேசுவின் வம்ச அட்டவணையை எழுதிய மத்தேயு, தாமாரின் பெயரை அதில் விடாமல் சேர்த்தார்.

ஆட்டுக்குட்டியின்மேல் குற்றமில்லை

அடுத்து தாவீது அரசர். அரசர்கள் போருக்குப் புறப்படும் காலத்தில் அவர் அரண்மனையிலேயே தங்கினார் என்று இரண்டாம் சாமுவேல் பதினொன்றாம் அதிகாரம் தொடங்குகிறது. மாலையில் மாடியில் உலாவினார். நீராடும் பெண்ணைக் கண்டார். அவள் உரியா என்னும் போர்வீரனின் மனைவி என்று கேட்டறிந்தார். அறிந்தபின்னும் ஆளனுப்பி வரவழைத்தார். அவள் கருவுற்றதும், கணவனைப் போர்முனையில் முன்வரிசையில் நிறுத்திக் கொல்லச் செய்தார்.

பத்சேபாள் ஏன் அங்கே நீராடினாள் என்று கேட்கும் பிரசங்கிகளைக் கேட்டிருக்கிறோம். மாடியில் நின்றது யார், ஆளனுப்பும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அரசனின் சேவகர் வாசலில் வந்து நின்றால் மறுக்கும் வலிமை யாருக்கு உண்டு என்று கேட்டவர் குறைவு. நாத்தான் தீர்க்கதரிசி அவ்வாறு தடுமாறவில்லை. பல மந்தைகளை உடைய செல்வன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து செய்த கதையைச் சொன்னார். அரசர் சினந்தெழுந்தார். அந்த மனிதன் நீரே என்றார் நாத்தான். ஆட்டுக்குட்டி ஏன் அங்கே நின்றது என்று அவர் கேட்கவில்லை. பத்சேபாளைக் கடிந்து ஒரு சொல்லும் அவர் வாயில் வரவில்லை. அதிகாரம் எவனிடம் இருந்ததோ, பொறுப்பும் அவனிடமே என்று வைத்தார்.

இளைஞர்களே, நாத்தானுக்கு அரசரைக் காட்டிலும் வலிமை இல்லை, படை இல்லை. இருந்தது சொல் ஒன்றே. அதைச் சரியான ஆளிடம் சென்று சொன்னார். நாமோ சரியான சொல்லைத் தவறான ஆளிடம் சொல்வதில் வல்லவர்கள்.

நடுவே நிறுத்தப்பட்ட பெண்

யோவான் எட்டாம் அதிகாரத்து நிகழ்ச்சி உங்களுக்கெல்லாம் தெரியும். மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இப்பகுதி இல்லை என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். ஆயினும் திருச்சபை அதைக் கைவிடவில்லை, மக்களும் மறக்கவில்லை. விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்டாள் என்று ஒரு பெண்ணை இழுத்துவந்து நடுவே நிறுத்தினர். மோசேயின் சட்டப்படி கல்லெறியலாமா என்று கேட்டனர்.

சட்டத்தை நாம் எடுத்துப் பார்ப்போம். லேவியராகமம் இருபதாம் அதிகாரமும் உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரமும் ஆண், பெண் இருவருக்கும் தண்டனை கூறுகின்றன. கடுமையான சட்டந்தான், ஆனால் இருவருக்கும் உரியது. கையும் மெய்யுமாக ஒருத்தி மட்டும் எப்படிப் பிடிபட முடியும்? இன்னொருவன் எங்கே? பிடித்தவர்கள் அவனை விட்டுவிட்டார்களா? அவன் அவர்களுள் ஒருவனா? பாடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் இங்கே பெரிய செய்தி. சட்டத்தை மதிப்பதாகச் சொன்னவர்கள் சட்டத்தில் பாதியை மட்டும் கொண்டுவந்தார்கள்.

இயேசு குனிந்து தரையில் எழுதினார். பாவமில்லாதவன் முதற்கல்லை எறியட்டும் என்ற கருத்தைக் கூறினார். பெரியவர்கள் தொடங்கி ஒவ்வொருவராக நழுவிச் சென்றனர். எஞ்சி நின்றவளிடம் தாமும் தண்டிப்பதில்லை என்றார். இனிப் பாவம் செய்யாதே என்றும் சொன்னார். பழியை நீக்கினார், பொறுப்பை நீக்கவில்லை. பழியும் பொறுப்பும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

மலைப்பிரசங்கத்திலும் அவ்வாறே. இச்சையோடு பார்ப்பவன் தன் உள்ளத்திலேயே குற்றம் செய்தான் என்றார். பெண்ணின் உடையை அளக்கச் சொல்லவில்லை. பார்க்கிறவன் கண்ணைத் திருத்தச் சொன்னார்.

தராசின் மறுதட்டு

பெண்கள் எல்லாம் நல்லவர், ஆண்கள் எல்லாம் தீயவர் என்று சொல்லி முடித்தால் அதுவும் ஏதேன் தோட்டத்துப் பேச்சே ஆகும். யோசேப்பின்மேல் பொய்ப்பழி சுமத்திச் சிறைக்கு அனுப்பியவள் போத்திபாரின் மனைவி. அவளும் வேதத்தில் இருக்கிறாள். அங்கும் கவனியுங்கள்: யோசேப்பு அடிமை, அவள் எசமானி. பழி மேலிருந்து கீழ்நோக்கியே பாய்ந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தில் அனனியா, சப்பீராள் என்னும் கணவன் மனைவியர் நிலம் விற்ற பணத்தை மறைத்துப் பொய் கூறினர். பேதுரு கணவனை விசாரித்ததோடு விட்டுவிடவில்லை. மூன்று மணி நேரம் கழித்து வந்த மனைவியையும் தனியே கேட்டார். கணவன் சொன்னதற்கு அவள் கட்டுப்பட்டவள்தானே என்று அவளைத் தள்ளிவிடவில்லை. உண்மை சொல்ல அவளுக்கும் தனி வாய்ப்பு இருந்தது. அவள் அதை இழந்தாள். தாய்மார்களே, இது கொடிய கதையாகத் தோன்றலாம். ஆனால் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்று ஒருத்தியிடம் கேட்பது அவளை முழு மனிதராக மதிப்பதாகும். தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றால் பிள்ளைகளின் பல் கூசாது, அவரவர் செயல் அவரவரையே சாரும் என்பது எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தின் சாரம்.

நம் நாட்டில்

இவையெல்லாம் எங்கோ யூத நாட்டில் நடந்தவை என்று எண்ணிவிட வேண்டா.

பதினெட்டாம் நூற்றாண்டில், மராட்டியப் பிராமண குலத்து இளம் விதவை ஒருவர் உடன்கட்டை ஏறுவதிலிருந்து லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியால் மீட்கப்பட்டார். அவரோடு வாழ்ந்து, அவரிடம் வேதம் கற்று, ஞானஸ்நானம் வேண்டினார். தஞ்சையின் புகழ்பெற்ற மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், மணமின்றி வாழும் உறவைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். உறவு இருவருக்கும் உரியது. ஆனால் அதிகாரி பிறப்பாலேயே கிறிஸ்தவர். அவருக்கு அடைக்கக் கதவு ஒன்றும் இல்லை. அடைபட்டது அப்பெண்ணின் முன்னிருந்த கதவே. அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயரே அவருக்கு ஞானஸ்நானம் வழங்கினார். அவர்தாம் கிளாரிந்தா அம்மையார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தோர் நாற்பதின்மர், முதற்பெயர் கிளாரிந்தாவினுடையது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. "பாப்பாத்தி அம்மாள் கோயில்" என்று ஊரார் அதை அழைத்தனர். தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டவரே திருநெல்வேலித் திருச்சபைக்கு முதற்கல் ஆனார்.

சட்டப் புத்தகத்திற்கு வருவோம். கிறிஸ்தவர்களுக்கென 1869இல் இயற்றப்பட்ட இந்திய மணமுறிவுச் சட்டத்தில், மனைவி பிறழ்ந்தாள் என்று மட்டும் நிறுவினால் கணவனுக்கு மணவிலக்குக் கிடைக்கும். கணவன் பிறழ்ந்தால் அது மட்டும் போதாது. அதனோடு கொடுமை செய்தான் என்றோ, கைவிட்டுப் போனான் என்றோ, அதுபோன்ற வேறொரு குற்றத்தையும் மனைவி சேர்த்து நிறுவ வேண்டும். மனைவியைக் கெடுத்தவனிடம் கணவன் நட்டஈடு கோரவும் அதில் வழி இருந்தது. மாடு பயிரை மேய்ந்ததற்கு ஈடு கேட்பதுபோல! இரு தராசு வைத்த இச்சட்டம் திருத்தப்பட்டு இருவருக்கும் சம உரிமை தரப்பட்டது 2001இல். நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

இன்னும் அண்மையில் வருவோம். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி நமக்குத் தொலைவன்று. அங்கு வாழ்வோரும் இம்மலையில் வாழ்வோரும் ஒரே மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். பின் நிகழ்ந்ததே நம் பாடம். பாதிக்கப்பட்டோர் சிறைக்குச் சென்றனர். பாதித்தோர் பணிக்குச் சென்றனர். கடத்தல்காரர் என்ற பழி ஊரின்மேல் விழுந்தது. நடுவே நிறுத்தப்பட்ட அப்பெண்கள் தலைகுனிந்து நிற்கவில்லை. யூதாவின் முத்திரையைத் தாமார் காட்டியதுபோல, இன்னார் இன்னார் என்று அடையாளம் காட்டினர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டது. பழி இடம் மாற முப்பத்தோராண்டு பிடித்தது.

நமக்குரிய பாடம்

நம் சமுதாயத்திற்குப் பழி என்பது புதிதன்று. பிறக்கும்போதே தீட்டு என்றார்கள். வறுமைக்குக் காரணம் கேட்டால் முற்பிறப்பு என்றார்கள். கிணற்றைத் தொட்டால் கிணறு கெட்டதென்றார்கள். தன் குற்றத்தை எளியவன் தலையில் ஏற்றும் அந்த ஏதேன் தோட்டத்து வழக்கே சாதி என்றும் சொல்லலாம். அந்த வலியை அறிந்த நாமே, வீட்டிற்குள் நுழைந்ததும் அதை நம் பெண்கள்மேல் இறக்கி வைக்கலாமா? குழந்தை பிறக்காவிட்டால் அவள். பெண் பிறந்தால் அவள். மகன் குடித்தால் வந்த மருமகள். மகள் காதலித்தால் பெற்ற தாய். பெண்கள் எய்தியிருக்கும் முன்னேற்றத்தைக் கொண்டே ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அளப்பதாக 1942இல் நாகபுரியில் பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் கூறினார். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்குரிமையும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு முடங்கியபோது, 1951இல் அமைச்சர் பதவியையே துறந்தார். அவர் படத்திற்கு மாலையிடும் கை, அந்த அளவுகோலையும் எடுக்க வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவன சில.

பள்ளியிலோ ஊரிலோ இளம்பிள்ளைகள் பற்றிப் புகார் எழுந்தால் இருவரையும் கேளுங்கள். இரு வீட்டாரையும் அழையுங்கள். பாதி வழக்கை விசாரித்து முழுத் தீர்ப்புக் கூறாதீர்கள்.

பெண்ணின் படிப்பை நிறுத்துவது எந்தச் சிக்கலுக்கும் தீர்வாகாது. பதினெட்டு வயதிற்கு முன் மணம் முடிப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊர் வாய்க்கு அஞ்சிச் செய்தோம் என்பது ஆதாமின் விடை. சட்டம் அதை ஏற்காது. ஆபத்தில் உள்ள குழந்தைக்காக 1098 என்ற எண்ணில் யாரும் அழைக்கலாம். அந்த எண்ணைப் பிள்ளைகள் பாடம் செய்துகொள்ளட்டும்.

இளைஞர்களே, தவறு நேர்ந்தால் வாக்கியத்தை "நான்" என்று தொடங்கப் பழகுங்கள். அதனால் ஆண்மை குறையாது. தாவீது அரசரும் நாத்தான் முன் தம் பாவத்தை ஒப்புக்கொண்டார்.

மாணவியரே, உங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் பிறர் வாசித்துச் சொல்லக் கேட்டு அடங்கிவிடாதீர்கள். நீங்களே வாசியுங்கள். விழுந்துபோன "உடன்" என்ற சொல்லைக் கண்டெடுப்பதற்காகவே உங்களுக்குக் கல்வி.

முடிக்குமுன், தொடக்கத்தில் சொன்ன பெண்ணைப் பற்றி ஒன்று. சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க ஒரு தாய் நம் பள்ளிக்கு வந்தார். விண்ணப்பத்தில் தாயின் பெயரைப் பார்த்ததும் எழுதுகோல் நின்றுவிட்டது. அவர் பழையதைப் பேசவில்லை. நாம் பேசினோம். "அன்று உன் அப்பாவை வரவழைத்தது தவறு, அம்மா. அந்தப் பிழை என்னுடையது" என்றோம். அவர் சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிள்ளை பேரை எழுதுங்க ஐயா" என்றார்.

மன்னித்தாரா என்று நமக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் நமக்கில்லை. பெயரை எழுதினோம். அந்தப் பெயர் பன்னிரண்டாம் வகுப்புப் பதிவேடுவரை செல்லுமாறு பார்த்துக்கொள்வது இப்போது எம் பொறுப்பு, இச்சங்கத்தின் பொறுப்பு, இங்கே அமர்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவரின் பொறுப்பு.

 சங்கம் வாழ்க! கல்வி வளர்க!